பழைய ஆர்எக்ஸ் 100 எஞ்சினை முழுதாகக் கழற்றி மறுபடி கட்டுவது எப்படி

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஆர்எக்ஸ் 100, அப்பா 1991-ல் வாங்கிய யமஹா பைக். மீட்டர் ஒரு சுற்று முடிந்து பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி பாதி தூரம் ஓடி, கேபிள் அறுந்து நின்றுபோனது. அந்த வண்டிக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை போர் போட்டேன், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கினேன். முதல் முறை சீஸ் ஆனதும், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றதும், மெக்கானிக் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி 0.50 பிஸ்டன் (அரை மி.மீ. பெரியது) போட்டுக் கொடுத்தார். ஆறு மாதம் ஓடியது. அப்புறம் ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி தாண்டும்போது பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. மறுபடி பிளாக், மறுபடி லேத், 0.75 பிஸ்டன். அதுவும் சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் நானே ஸ்பானரை எடுத்தேன். இடது பக்கம், பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீல் (எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்) கல்லாக இறுகி, உதடு வெடித்துக் கிடந்தது. ஒரு மசால் தோசையும் காபியும் சாப்பிடுகிற காசுதான் அதன் விலை. அதைப் பார்க்காமல் இரண்டு பிஸ்டனைத் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் பிஸ்டன் வாங்குவது கொஞ்சம் தள்ளித்தான் வரும். எஞ்சின் ஏன் கெட்டது என்று தெரிந்த பிறகுதான் லேத்துக்குப் போக வேண்டும். இங்கே சொல்வதில் பெரும்பாலானவை எந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் பொருந்தும். டொரோண்டோவில் இருக்கும் என் அத்தை மகன் தொண்ணூறுகளில் வந்த ஒரு பனிவண்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் இதே சீல், இதே கார்பரேட்டர் என்று மல்லுக்கட்டுகிறான். அவனுக்குக் கியர் கிடையாது, பெல்ட் உண்டு. சீஸ் ஆகிற விதத்தில் மட்டும் இரண்டு வண்டிக்கும் வித்தியாசமே இல்லை.

முதலில் ஆர்சி

ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை வந்தது. ஆகவே எந்த வண்டியாக இருந்தாலும் முதல் 15 வருடப் பதிவு முடிந்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். பெங்களூரில் இதைச் செய்யலாம். தில்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு இருக்கும் தொல்லை இங்கே இல்லை. ஆனால் எஞ்சின் நம்பர் ஆர்சியில் உள்ளபடியே இருக்க வேண்டும். அந்த நம்பர் எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில்தான் பொறித்திருக்கும். கேஸில் விரிசல் என்றால் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் வேறு கேஸ் வாங்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்து உங்கள் கேஸையே ஒட்ட வையுங்கள். இல்லையென்றால் புதுப்பிக்கப் போகும் நாளில் ஆர்டிஓ அலுவலகத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

கழற்றும் முன்பு கவனிக்க வேண்டியவை

எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்றால் அது பெரிய அதிர்ஷ்டம். கழற்றிவிட்டால் பல தடயங்கள் போய்விடும். இந்த எஞ்சினின் அமைப்பை ஒரு நிமிடம் மனதில் கொண்டுவாருங்கள். 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சிசி. பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்து, உள்பக்கம் மட்டும் திறக்கும் ரீட் வால்வு வழியாக முதலில் கிராங்க் கேஸுக்குள் போகும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டுப் பக்கவாட்டு வழிகளில் ஏறி மேலே வரும். ஆகவே கிராங்க் கேஸ் ஒரு பம்பு மாதிரி. எங்கே ஓட்டை விழுந்தாலும் அந்த வழியாக வெறும் காற்று உள்ளே வரும். பெட்ரோலின் பங்கு குறையும், சூடு ஏறும், கலவையோடு வரவேண்டிய ஆயிலும் போதாது.

கிராங்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சீல். இடது சீல் கெட்டால் வெளிக்காற்று வரும். ஐடிலிங் ஏறி இறங்கும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் அலறும். மேக்னெட் மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வலது சீல் கெட்டால் நிலைமை வேறு: அந்தப் பக்கம் கிளட்ச் இருக்கிறது, அதனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்படும். சைலன்சரில் அடர்ந்த வெண்புகை, பிளக்கில் ஈரம், கியர் ஆயில் எங்கேயும் ஒழுகாமலே மாதாமாதம் குறையும். டூ ஸ்ட்ரோக் என்றால் புகைக்கத்தானே செய்யும் என்று இதை வருடக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு.

கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால், எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை கிக் அடித்துப் பாருங்கள். 100 பிஎஸ்ஐ-க்குக் கீழே நின்றால் ரிங், போர் இரண்டின் மீதும் சந்தேகம் வரலாம். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்து, எண் நன்றாக ஏறினால் சந்தேகம் உறுதி.

பி.பி. கருவியை வைத்து ஒரு சோதனை

நான் மூன்றாவது முறை கற்றுக்கொண்டது இதுதான். முதல் முறையே யாராவது செய்திருந்தால் ஒரு பிஸ்டனாவது மிஞ்சியிருக்கும். கார்பரேட்டரையும் சைலன்சரையும் கழற்றுங்கள். எக்ஸ்ஹாஸ்ட் வாயை ஒரு கனமான ரப்பர் துண்டும் தகடும் வைத்து போல்டு போட்டு அடையுங்கள். கார்பரேட்டர் உட்காரும் இடத்தில் அளவான ரப்பர் அடைப்பை வைத்து, அதன் நடுவில் ஒரு சிறு குழாயைச் செருகுங்கள். ஆயில் பம்பிலிருந்து வரும் குழாய் சேரும் துளை அந்தப் பக்கம் திறந்திருந்தால் அதையும் அடைக்க வேண்டும். பிளக் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள்.

இப்போது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பி.பி. கருவியின் கைப்பம்பையும் முள் காட்டும் கேஜையும் அந்தக் குழாயில் மாட்டுங்கள். அதில் 300 வரை எண் இருக்கும். 300 என்பது ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ. நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். மெதுவாக 280, 300 வரை ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு நிமிடம் முள் கிட்டத்தட்ட அசையாமல் நின்றால் எஞ்சின் இறுக்கமாக இருக்கிறது. நிமிடத்துக்கு 50 புள்ளி இறங்குகிறது என்றால் எங்கோ ஓட்டை. அதற்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

ஓட்டை எங்கே என்று பார்க்கச் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஹெட் பேக்கிங், பிளாக்கின் அடி பேக்கிங், ரீட் வால்வு இருக்கும் இடம், இன்டேக் ரப்பர், கேஸின் இணைப்புக் கோடு எல்லாவற்றிலும் தடவுங்கள். மேக்னெட்டைக் கழற்றி இடது சீலையும் பாருங்கள். குமிழ் வருகிற இடம்தான் குற்றவாளி. வெளியே எங்கும் குமிழ் இல்லை, முள்ளும் இறங்குகிறது என்றால் கியர் பெட்டியின் மூச்சுக்குழாயில் சோப்புப் படலம் வைத்துப் பாருங்கள். அது உப்பினால் வலது சீல்.

பிஸ்டனில் உள்ள கோடுகள்

எஞ்சின் ஏற்கெனவே பூட்டிக்கொண்டிருந்தால், பிளாக்கைக் கழற்றியதும் பிஸ்டனைத் துடைத்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள்.

எக்ஸ்ஹாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால் சூடு அதிகம்: காற்று ஓட்டை, அடைத்த ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை), அல்லது ஆயில் போதாமை. சுற்றிலும் நான்கு இடங்களில் நான்கு பட்டையாக உரசியிருந்தால் போர் இறுக்கமாகப் போடப்பட்டிருக்கிறது, அல்லது எஞ்சின் சூடாகும் முன்பே யாரோ ஆக்ஸிலரேட்டரை முறுக்கியிருக்கிறார்கள். இன்டேக் பக்கம் மங்கலாக, மெல்லிய செங்குத்துக் கீறல்கள் நிறைய இருந்தால் தூசி. ஏர் ஃபில்டர் கிழிந்திருக்கும், அல்லது 'பிக்அப்' வேண்டும் என்று யாரோ அதைக் கழற்றியே வைத்திருப்பார்கள். மெட்ரோ வேலையும் சாலை வேலையும் ஓயாமல் நடக்கும் இந்த ஊரில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது எஞ்சினுக்குள் மணல் காகிதத்தை விடுவது போல. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருந்தால் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முந்தியிருக்கலாம், கலவை மெலிந்திருக்கலாம், அல்லது தவறான வெப்ப எண் கொண்ட பிளக் போட்டிருக்கலாம்.

எங்கள் வண்டியின் இரண்டு பிஸ்டன்களையும் அப்பா ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இரண்டிலும் எக்ஸ்ஹாஸ்ட் பக்கம் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உரசல். ஆறு மாத இடைவெளியில் ஒரே காயம் இரண்டு முறை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

பிளாக்கும் லேத்தும்

காரணம் கிடைத்தாயிற்று என்றால் இப்போது லேத்துக்குப் போகலாம். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 என்று வரும். கடைசி அளவில் சிசி 102 ஆகிவிடும். அதற்கு மேல் ஸ்லீவ்தான், அதாவது பிளாக்குக்குள் புது உறை போடுவதுதான். ஆகவே ஒவ்வொரு போரும் பிளாக்கின் ஆயுளில் ஒரு படி. 0.25 போதும் என்கிற இடத்தில் நேராக 0.75-க்குத் தாவச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ஒரு சுற்று வந்தால் கிடைக்கும். பெட்டியைப் பார்த்து நம்பாமல், ரிங்கை விரல் நகத்தால் சுண்டிப் பார்த்து, பிஸ்டனின் பாவாடைப் பகுதியைத் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். அந்தப் பிஸ்டனைக் கையில் கொடுத்து, 'இதை அளந்து இதற்குப் போடுங்கள்' என்று லேத்காரரிடம் சொல்லுங்கள். பிஸ்டனை அளக்க வேண்டிய இடம் கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, பிஸ்டன் பின்னுக்கு (அதைத் தாங்கும் குறுக்கு ஊசிக்கு) செங்குத்தான திசையில். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளி 0.04 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். பிஸ்டன் பெட்டியில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு.

போர் போட்டு ஹோனிங் (உட்சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்ததும் குறுக்கு மறுக்காக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். அடுத்தது பலர் மறப்பது: போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரில் உள்ள வாய்களின்) விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். கத்தி மாதிரி கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். மெல்லிய உப்புத் தாளாலோ சிறிய அரைகல்லாலோ விளிம்பை லேசாக மழுக்க வேண்டும். நல்ல லேத்காரர் கேட்காமலே செய்வார். கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெட்ரோலில் கழுவினால் போதாது. ஹோனிங் தூள் அந்தக் கோடுகளுக்குள் இருக்கும். சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவுங்கள். உலர்ந்த உடனே 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) தடவிவிட வேண்டும். பத்து நிமிடம் விட்டாலும் துரு பூக்கும்.

ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வையுங்கள். 0.15 முதல் 0.35 மி.மீ. வரை சரி.

கிராங்க்

பிளாக் இல்லாமல், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கான் ராட் மட்டும் நிற்கும்போது, அதை மேலே இழுத்துப் பிடித்து நேர்கீழாக அழுத்துங்கள். மேலும் கீழும் துளி ஆட்டம் தெரிந்தாலும் கிராங்க்கைப் பிரிக்க வேண்டியதுதான். பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு முறை சீஸ் ஆன எஞ்சின் என்றால் ஆட்டம் இல்லாவிட்டாலும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம். பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம் நேராகக் கான் ராட்டின் அடியில் உள்ள பெரிய பேரிங்குக்குத்தான் போகும்.

கேஸைப் பிரிக்க மேக்னெட் புல்லரும் கிளட்ச் பிடிக்கும் கருவியும் கட்டாயம். ஸ்க்ரூ டிரைவரை இணைப்புக் கோட்டில் விட்டு நெம்பினால் அங்கேயே அடுத்த காற்று ஓட்டைக்கு அடிக்கல் நாட்டியாயிற்று.

பெட்டியில் வரும் மலிவான புதுக் கிராங்க்கைவிட, உங்கள் பழைய கிராங்க்கையே நல்ல கான் ராட் கிட் போட்டு அழுத்தி, டயல் கேஜில் நேர்பார்த்து வாங்குவது மேல் என்பது என் அனுபவம். இரண்டு முனையிலும் ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. முள் ஆடுவதை எதிரிலேயே நின்று பாருங்கள். காட்ட மறுக்கும் கடையில் கொடுக்க வேண்டாம்.

மெயின் பேரிங் வாங்கும்போது சி3 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். சூட்டில் விரிவதற்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டது அது. பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீஸரில் வைத்து, கேஸைத் தண்ணீர்த் துளி விட்டால் சுர்ரென்று குதிக்கும் அளவுக்குச் சூடாக்கினால் சுத்தியலே வேண்டாம், தானாகவே விழுந்து உட்காரும். நான் வீட்டு அடுப்பில் சூடாக்கினேன். இரண்டு நாள் சமையலறையில் கியர் ஆயில் வாசனை, அம்மா பேசவில்லை.

இரண்டு சீல்களும் எப்படி இருந்தாலும் புதிதாகவே போட வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, கிராங்க்கின் கூரான விளிம்பில் கிழியாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நுழையுங்கள்.

மூடுவது

பிஸ்டன் மேலுள்ள அம்புக்குறி எக்ஸ்ஹாஸ்ட் பக்கம். ரிங் முனைகள் பிஸ்டன் காடியில் இருக்கும் சிறு ஊசியின் இரு பக்கமும் உட்கார வேண்டும். அதன் மேல் ஏறி உட்கார்ந்த ரிங்கோடு பிளாக்கைத் தள்ளினால் உடையும். பிஸ்டன் பின்னின் கிளிப்புகள் இரண்டும் புதியவையாக இருக்க வேண்டும். போடும்போது கிராங்க் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். கிளிப் பறந்து உள்ளே விழுந்தால் முழு வேலையும் முதலிலிருந்து.

ஹெட் அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடித் துண்டின் மேல் 400 எண் தண்ணீர்த் தாளை விரித்து எட்டு போடுவது போலத் தேயுங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி பளிச்சென்று ஆனதும் நிறுத்துங்கள். நட்டுகளைக் குறுக்கு வரிசையில், மூன்று தவணையாக இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அதே பி.பி. கருவிச் சோதனை இன்னொரு முறை. வேலை முடிந்த களைப்பில் இதை விட்டுவிடத் தோன்றும்.

கார்பரேட்டர், பாயிண்ட், சைலன்சர்

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். பெட்ரோல் குழாய், ஃப்ளோட் நீடில், டேங்க் டாப்பின் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகின்) ரப்பர் எல்லாம் மாற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்க மாட்டீர்கள் என்றால் டாப்பை மூடி, கார்பரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்து வையுங்கள். பைலட் ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சென்னையைவிடக் காற்று பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மெலிந்திருக்கும். அங்கே சரியாக ஓடிய வண்டி இங்கே வந்தால் சற்றே பெட்ரோல் தூக்கலாக ஓடும். மெயின் ஜெட் ஒரு அளவு சிறிதாகலாம். அத்தை மகனுக்கு நேர்மாறு: மைனஸ் முப்பதில் காற்று அடர்த்தியாகிவிடுவதால் பெரிய ஜெட் வேண்டும். ஆனால் ஜெட்டைக் குறைக்கும் ஆசைக்கு உடனே இடம் கொடுக்காதீர்கள். புது எஞ்சின் பழகும் வரை தூக்கலாகவே ஓடட்டும்.

பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பிந்தும், இழுவை போகும், சைலன்சர் கொதிக்கும். சைலன்சரின் உள்குழாயை உருவி கரியைச் சுரண்டி எரித்துத் திரும்பப் போடுங்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பாதி ஆயுளைக் கழிக்கும் வண்டிக்குக் கரி சீக்கிரம் சேரும். உள்குழாய் இல்லாமல் ஓட்டினால் சத்தம்தான் கூடும், இழுவை கெடும், போலீஸும் நிறுத்துவார்கள்.

செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, ஹேண்டில் கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ் இதெல்லாம் எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் செய்துவிடுவார். எஞ்சின் கீழே இருக்கும்போதே செய்தால் சுலபம்.

முதல் 500 கி.மீ.

ஆயில் பம்பு கழற்றப்பட்டிருந்தால் குழாயில் காற்றுக் குமிழ் இருக்கும். அது முழுதாக வெளியேறும்வரை ஆயிலை வடியவிட வேண்டும். பம்புக்குத் தனிக் கேபிள் உண்டு. ஆக்ஸிலரேட்டர் கேபிளை மட்டும் இறுக்கிவிட்டு இதை மறந்தால் எஞ்சின் வேகமாக ஓடும்போது ஆயில் பின்தங்கும். பம்பில் உள்ள குறியைச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி சேருங்கள். பம்பு வேலை செய்தாலும் முதல் டேங்க்கில் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள். ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறி டப்பாவில் இருக்க வேண்டும். புகை வரும், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதல் நாள் பத்து நிமிடம் ஓட்டி முழுதாக ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம் 500 கி.மீ. வரை ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டாம். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போவதும் வேண்டாம். அல்சூர், இந்திராநகர், ஃப்ரேசர் டவுன் என்று ஊருக்குள் சுற்றுவதுதான் இதற்குத் தோது.

நந்தி மலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதில் அவ்வளவு ஆபத்தில்லை. இறங்கும்போது கீழ் கியரில் ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டு எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டால் பெட்ரோலும் குறைவு, பம்பு தரும் ஆயிலும் குறைவு. கிளட்ச்சைப் பிடிக்காமல், நடுநடுவே ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருப்பி ஒரு வாய் ஆயில் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

இப்போது எங்கள் வண்டி 1.00 பிஸ்டனில் ஓடுகிறது. இதற்கு மேல் ஸ்லீவ்தான். அப்பா ஓட்டுவதை நிறுத்தி நாளாகிறது. ஆனால் நான் கிக்கரில் கால் வைக்கும் முன்பே வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வரும்: 'ஆயில் டேங்க் பார்த்தியா?'